ரோ

தபாலில் வந்த அட்டைப்பெட்டிக்குள்
கோலிக்குண்டுக்குப் பெரிதாய், எலுமிச்சைக்குச் சிறிதாய்
ஓர் உலோக உருண்டை.
உடம்பெல்லாம் எழுத்து.
ஆர்ஹுஸ் நகரம், ஆயுள் காப்பீட்டு அலுவலகம்,
மூன்றாம் மாடி, 1972, பிப்ரவரி.
போடில் க்ராகெலுண்ட் பழைய உருண்டையைக் கழற்றிப்
புதியதை மாட்டினாள்.
தட்டச்சு எந்திரம் டேனிஷ் மறந்து
வேறொன்று பேசத் தொடங்கியது.

அந்தக் குறிகள் எந்திரத்துக்காகப் பிறந்தவை அல்ல.
கடலுக்கு அப்பால் ஒரு வகுப்பறையில்
‘இதேபோல் எல்லாவற்றுக்கும்’ என்று
எழுதி எழுதிச் சலித்த கை
அந்த வாக்கியத்தை ஒரு கோடாக்கியிருக்க வேண்டும்,
அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன்.
கரும்பலகைதான் முதலில்.
எந்திரம் வருடங்கள் கழித்து
மூச்சிரைக்க வந்து படிக்கக் கற்றது.

அணி என்கிறோம் நாம்.
நகைக்கும் அதே சொல், படைக்கும் அதே சொல்.
வரிசையாய்ச் சொன்னதை வரிசையாய்ப் பொருத்தும்
நிரல்நிறையும் ஓர் அணிதான்.
போடிலுக்கு இது தெரியாது.
அவளிடம் இருந்தவை பதினோராயிரம் பாலிசிகள்.
ஒன்றை எடு, முடி, அடுத்ததை எடு
என்ற பாராயணம் இனி இல்லை.
வட்டியைச் சொன்னால்
பதினோராயிரமும் ஒருசேரத் தலையசைக்கும்.
வரியை வலக்கோடியிலிருந்து படிக்க வேண்டும்:
பிரீமியங்களைப் பெரியதிலிருந்து அடுக்கி
முதல் பத்தை எடுத்துக் கூட்டு.
வினை கடைசியில் வந்து நிற்கிறது,
நம் வாக்கியம்போலவே.

மார்ச்சில் ஒரு வெள்ளிக்கிழமை
பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.
உருண்டையை மாற்ற மறந்தே ஒரு கடிதம் அடித்தாள்.
திருமதி ரிக்மோர் ஒட்டோசென், லெம்விக் துறைமுகம்.
கணவர் ஜனவரியில் படகோடு போனவர்.
சின்ன எழுத்தெல்லாம் சாய்ந்த பெரிய எழுத்தாய் விழ
பெரிய எழுத்துகள் குறிகளாயின.
ரிக்மோரின் தலையில்
சுழித்து ஒரு கால் நீட்டிய ரோ.
ஒட்டோசென்னின் தலையில் வெறும் வட்டம்.
எண்கள் மட்டும் பிசகவில்லை: மாதம் 812 க்ரோனர்.
பார்க்காமலே மடித்து ஒட்டினாள்.

ஏப்ரலில் பதில் வந்தது.
‘தொகை புரிந்தது, நன்றி.
என் பெயருக்கு முன்னால் நிற்கும் கொக்கி எதற்கு?
மீன் மாட்டுமா?’
கையெழுத்தையும் அந்தக் கொக்கியில்தான்
தொடங்கியிருந்தாள்.

போடில் மதியச் சாப்பாட்டைத் தள்ளிவைத்து எழுதினாள்:
அது ஒரு கேள்வி, அம்மா. உன் வடிவம் என்ன?
அட்டவணை, இத்தனை வரிசை இத்தனை பத்தி என்னும்.
பட்டியல் தன் நீளம் சொல்லும்.
தனி எண்ணிடம் கேட்டால்
எந்திரம் காகிதத்தை ஒரு வரி நகர்த்தும்.
அவ்வளவுதான்.
பூஜ்யம்கூட இல்லை.

பேனா நின்றது.
பிறகு இதையும் சேர்த்தாள்:
ஆனால் அந்தத் தனி எண்ணை
எந்த அணியோடு கூட்டினாலும்
அளவு பொருந்தவில்லை என்று எந்திரம் சண்டைக்கு வராது.
ஒவ்வொன்றோடும் அது சேரும்.

படித்துப் பார்த்தாள். கிழித்தாள்.
‘அது கிரேக்க எழுத்து. தவறுக்கு வருந்துகிறோம்.’
அதை மட்டும் அனுப்பினாள்.

திரைகள் வந்தன. உருண்டைகள் இழுப்பறைக்குள் உருண்டன.
குறிகளைச் சுமக்காத விசைப்பலகைகளுக்காக
அணிமொழியின் வாரிசொன்று
புள்ளியும் முக்காற்புள்ளியும் உடுத்தது.
பெட்டிக்குள் பெட்டி அடுக்கக் கற்றது இன்னொன்று.
பங்குச்சந்தைக்குப் போனது மெலிந்தே போனது.
இன்று ரோவைக் கண்டிராதவர்களும்
வேறு மொழிகளில்
அணி முழுவதையும் ஒரே சொல்லில் கூட்டுகிறார்கள்.

போடிலின் ஒற்றை வரியை
2009இல் யெப்பெ லாவ்ரிட்சென் எழுபது வரியாக்கினான்.
விடையில் ஓர் ஓரெகூட மாறவில்லை.
பழைய வரிக்குப் பக்கத்தில் குறித்துவைத்தான்:
ஏன் வேலை செய்கிறது என்று தெரியாது,
அழிக்க மனமில்லை.

கோப்பில் ரசீதுகள் இருக்கின்றன.
இருபத்தாறு வருடம், மாதா மாதம்,
ரிக்மோர் கொக்கி போட்டே கையெழுத்திட்டாள்.
கணக்குப் பிரிவில்
யாரும் திருத்தச் சொல்லவில்லை.